மனப்பாடம் செய்த சொல் மறந்துபோவது ஏன்? ஆங்கிலச் சொல்வளம் குறித்த வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான காலத்தில்தான் பாடநூல்களின் ஆங்கிலம் திடீரெனக் கடினமாகிறது. கதையும் பாட்டுமாக இருந்த பாடங்கள் விளக்கக் கட்டுரைகளாக மாறுகின்றன. அறிவியலும் வரலாறும் தமக்கென ஒரு சொற்படையோடு வந்து நிற்கின்றன. இந்த வயதுப் பிள்ளைகளின் சொல்வளத்தைப் பெருக்குவது பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் மாணவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகன் நாள்தோறும் 20 ஆங்கிலச் சொற்களைப் பொருளோடு எழுதி மனப்பாடம் செய்கிறான். அன்றிரவு கேட்டால் எல்லாவற்றையும் தடுமாறாமல் ஒப்பிக்கிறான். அடுத்த வாரம் கேட்டால் பாதிக்கு மேல் நினைவில் இல்லை. அவனுக்கு நினைவாற்றல் குறைவோ என்று கவலையாக இருக்கிறது. (ஒரு தாய்)

பதில்: கவலை வேண்டாம், அம்மா. உங்கள் மகனின் நினைவாற்றலில் குறை இருப்பதாக இதைக் கொண்டு சொல்ல முடியாது. படிக்கும் முறைதான் அவனுக்கு எதிராக வேலை செய்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் பொருளற்ற அசைகளை வரிசை வரிசையாகத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து, 1885-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிக விரைவாக நிகழ்கிறது, அதன் பிறகு அதன் வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. ஒரே அமர்வில் பலமுறை உருப்போடுவதைவிட, அதே உழைப்பை இடைவெளி விட்டுப் பல நாள்களில் பகிர்ந்துகொள்வது நல்ல பலன் தருகிறது என்பதும் அந்த ஆய்விலேயே தெரியவந்தது. வாக்கியமோ சூழலோ இல்லாமல் பட்டியலாகப் படிக்கும்போது, உங்கள் மகனுக்கும் அந்த 20 சொற்கள் ஏறக்குறைய பொருளற்ற அசைகளாகவே ஆகிவிடுகின்றன.

எனவே முதலில் எண்ணிக்கையைக் குறையுங்கள். நாளொன்றுக்கு ஐந்து சொற்கள் போதும். ஆனால் அந்த ஐந்தையும் மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என மீண்டும் மீண்டும் அவன் சந்திக்க வேண்டும். இதை ஒழுங்குபடுத்த செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-இல் ஓர் எளிய அட்டைப்பெட்டி முறையை விளக்கி எழுதினார். ஒரு பெட்டியை மூன்று அறைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். புதிய சொல் எழுதிய அட்டை முதல் அறையில் இருக்கும். அதை நாள்தோறும் எடுத்துப் பார்க்க வேண்டும். பொருளைச் சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாம் அறைக்குப் போகும். அந்த அறையை மூன்று நாளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். அங்கும் சரியாகச் சொன்னால் மூன்றாம் அறை, வாரத்துக்கு ஒருமுறை. எந்த அறையில் இருந்தாலும் தவறாகச் சொன்ன அட்டை முதல் அறைக்கே திரும்பிவிட வேண்டும். தெரிந்த சொல்லில் நேரம் வீணாகாமல், தெரியாத சொல் அடிக்கடி கண்ணில் பட இந்த ஏற்பாடு உதவுகிறது.

அட்டையைப் புரட்டும் முன் பொருளை நினைவுக்குக் கொண்டுவர முயல்வதுதான் இதில் உயிர்நிலையானது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ, படித்ததை நூலைப் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். இரவில் ஒப்பித்து அடுத்த வாரம் மறக்கும் உங்கள் மகனின் கதைக்கு இதிலேயே விடை இருக்கிறது.

அட்டையில் என்ன எழுதுவது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 'ரிலக்டன்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முன்பக்கத்தில் சொல்லை மட்டும் எழுதட்டும். பின்பக்கத்தில் 'தயக்கமுள்ள, மனமில்லாத' என்ற பொருளோடு, அந்தச் சொல்லை அவன் முதலில் கண்ட வாக்கியத்தையும், 'ஐ வாஸ் ரிலக்டன்ட் டு ஷோ மை மார்க்ஸ்' என்பதுபோல் தன் வாழ்க்கையிலிருந்து தானே அமைத்த ஒரு வாக்கியத்தையும் எழுதட்டும். இந்தச் சொல்லுக்குப் பின் 'டு' வருகிறது என்பது அந்த வாக்கியத்தாலேயே மனத்தில் பதியும். கீழே 'ரிலக்டன்ஸ்', 'ரிலக்டன்ட்லி' என்ற உறவுச் சொற்களுக்கும் ஒரு வரி ஒதுக்கலாம். ஒரு சொல்லுக்கு இவ்வளவு நேரம் செலவிட்டால் நாளுக்கு 20 சொல் முடியாதே என்று தோன்றும். முடியாதுதான், முடிய வேண்டிய தேவையும் இல்லை.

கேள்வி: ஆங்கிலம்–தமிழ் அகராதி வாங்கித் தரலாமா, ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதியா? (ஒரு தந்தை)

பதில்: இரண்டும் வேண்டும். பொருளை உடனே பற்றிக்கொள்ளத் தமிழ் விளக்கம் உதவும். சொல்லை எப்படிப் பயன்படுத்துவது என்பதை ஆங்கில அகராதியே சொல்லும். ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பெரியவர்களுக்கான பேரகராதியைப் பிள்ளையிடம் தராதீர்கள். ஒரு சொல்லுக்குப் பொருள் தேடினால் தெரியாத வேறு மூன்று சொற்கள் எதிரே வரும். மொழியைப் புதிதாகக் கற்பவர்களுக்கென்றே தொகுக்கப்பட்ட அகராதிகள் இருக்கின்றன. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் தோழர்களோடு தொகுத்து 1942-இல் அங்கே வெளிவந்து, பின்னர் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்த அகராதி இவ்வகைக்கு முன்னோடி. 1978-இல் வெளிவந்த லாங்மன் அகராதி, ஏறத்தாழ 2,000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாச் சொற்களுக்கும் விளக்கம் எழுதியது. வாங்கும்போது இப்படிக் கட்டுப்படுத்தப்பட்ட சொற்களில் விளக்கமும், ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கேள்வி: நான் நடுநிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒவ்வொரு பாடத்திலும் புதிய சொற்கள் குவிந்து கிடக்கின்றன. எல்லாவற்றையும் கற்பிக்க வகுப்பு நேரம் போதவில்லை. எவற்றைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: மிக முக்கியமான கேள்வி, தேர்வு சரியாக அமைந்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஐசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், லிண்டா குகன் ஆகிய கல்வியாளர்கள் சொற்களை மூன்று அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார்கள். அன்றாடப் பேச்சில் வரும் 'டேபிள்', 'ரன்' போன்றவை முதல் அடுக்கு. 'ஃபோட்டோசிந்தசிஸ்', 'பெனின்சுலா' போல் ஒரு துறைக்கு மட்டும் உரியவை மூன்றாம் அடுக்கு. இரண்டுக்கும் நடுவே 'கம்பேர்', 'எவிடன்ஸ்', 'சப்ஸ்டன்ஷியல்', 'ரிலக்டன்ட்' போல் எந்தத் துறை நூலிலும் கதையிலும் கட்டுரையிலும் வரக்கூடியவை இரண்டாம் அடுக்கு. ஆசிரியரின் நேரம் பெரும்பாலும் இந்த இரண்டாம் அடுக்குக்கே போக வேண்டும். மூன்றாம் அடுக்குச் சொல்லை அந்தந்தப் பாட ஆசிரியர் படம் வரைந்தும் சோதனை செய்தும் விளக்கிவிடுவார். நடு அடுக்குச் சொல்லுக்கோ பல பள்ளிகளில் பொறுப்பேற்க யாரும் இல்லை. பிள்ளைக்கு அது தெரிந்திருக்கும் என்று எல்லோரும் எண்ணிக்கொள்கிறார்கள்.

ஒன்றை மட்டும் இதோடு சேர்க்க வேண்டும். அந்தப் பிரிவினை ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளை மனத்தில் கொண்டு செய்யப்பட்டது. நம் மாணவர்களுக்கு முதல் அடுக்கே முழுமையாகத் தெரியும் என்று கொள்ள முடியாது. மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட, ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்கள் கொண்ட பட்டியலை இன்றும் பயன்படுத்தலாம். அதிலுள்ளவற்றில் மாணவர்களுக்குத் தெரியாதவை எவை என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவது நல்லது. அடுத்த கட்டத்துக்கு ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட, 570 சொற்குடும்பங்கள் அடங்கிய கல்விசார் சொற்பட்டியல் இருக்கிறது. அது பல்கலைக்கழக நூல்களிலிருந்து தொகுக்கப்பட்டதாயினும், அதன் எளிய சொற்களை எட்டாம் வகுப்பிலேயே தொடங்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்னால், வினாத்தாளில் வரும் கட்டளைச் சொற்களைக் கவனியுங்கள். 'டிஸ்க்ரைப்', 'எக்ஸ்ப்ளெய்ன்', 'ஜஸ்டிஃபை', 'இன்ஃபர்', 'கான்ட்ராஸ்ட்' ஆகியவை ஒவ்வொன்றும் வேறு வேறு வேலையைக் கேட்கின்றன. விடை தெரிந்தும், கேள்வி என்ன கேட்கிறது என்று விளங்காமல் மதிப்பெண் இழக்கும் பிள்ளைகள் ஏராளம். அது வேதனையான இழப்பு, எளிதில் தவிர்க்கக்கூடியதும்கூட.

இன்னொரு வகைச் சொல் கண்ணுக்குத் தெரியாமல் தடுக்கிவிடும். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லே வேறு பொருளில் வருவது அது. 'சொல்யூஷன்' கணக்கில் தீர்வு, வேதியியலில் கரைசல். 'பவர்' கணக்கில் அடுக்கு, இயற்பியலில் திறன், வரலாற்றில் அதிகாரம். 'வால்யூம்' கன அளவாகவும் ஒலியளவாகவும் ஒரு நூலின் தொகுதியாகவும் வரும். 'மேட்டர்' என்றால் விஷயம் என்று அறிந்த மாணவன், அறிவியல் பாடத்தில் அது பருப்பொருளைக் குறிக்கும்போது ஒன்றும் புரியாமல் விழிக்கிறான். தெரிந்த சொல் என்பதால் கேட்கவும் கூச்சப்படுகிறான். இத்தகைய சொற்களைக் கரும்பலகையில் பாடவாரியாக மூன்று கட்டங்களில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரான தமிழ்ச் சொல்லையும் எழுதிக் காட்டுங்கள். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் மூன்றாகப் பிரிந்து நிற்பதால் வேறுபாடு உடனே தெளிவாகும்.

கற்பிக்கும் முறையில் ஓர் எச்சரிக்கை. எதிர்ச்சொற்களையும் ஒத்த பொருளுடைய சொற்களையும் ஒரே நாளில் சேர்த்துப் புதிதாக அறிமுகப்படுத்தும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இரண்டுமே புதியவை என்றால் அவை ஒன்றோடொன்று குழம்பிவிடும். 'பாரோ', 'லெண்ட்' ஆகிய இரண்டில் எது கடன் வாங்குவது, எது கடன் கொடுப்பது என்று பல ஆண்டுகள் தடுமாறும் மாணவர்கள் பெரும்பாலும் அவற்றை ஒரே வகுப்பில் கற்றவர்களாகவே இருப்பார்கள். ஒன்றை நன்றாக நிலைநிறுத்திய பிறகு மற்றதற்குப் போகலாம்.

கேள்வி: நான் எட்டாம் வகுப்பு மாணவி. ஆங்கிலக் கதை படித்தால் சொல்வளம் பெருகும் என்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு வரியிலும் அகராதி பார்க்க வேண்டியிருப்பதால் கதையே மறந்துபோய், புத்தகத்தை மூடிவைத்துவிடுகிறேன்.

பதில்: நீ எடுத்த புத்தகம் உனக்கு இப்போதைக்குக் கடினமானது, மகளே, வேறு புத்தகம் எடு. ஒரு கதையைத் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 சதவீதம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. அதாவது 50 சொல்லுக்கு ஒரு சொல் மட்டுமே புதிதாக இருக்கலாம். 250 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தைப் படித்துப் பார். தெரியாத சொல் ஐந்துக்கு மேல் போனால், அந்தப் புத்தகத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவை. உன் வயதைவிடச் சிறியவர்களுக்கான கதையாக இருக்கிறதே என்று வெட்கப்படாதே. மாணவர்களின் நிலைக்கேற்பச் சொற்களைக் கட்டுப்படுத்திச் சுருக்கி எழுதிய கதைநூல்கள் படிநிலை வாரியாகக் கிடைக்கின்றன. அவற்றில் மளமளவென்று பத்துப் புத்தகம் படிப்பது, கடினமான ஒன்றோடு பத்து வாரம் போராடுவதைவிட மேலானது. ஏனென்றால் ஒரே சொல் வெவ்வேறு வாக்கியங்களில் திரும்பத் திரும்ப உன்னிடம் வர வேண்டும். அதற்கு அதிகமாகப் படிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

படிக்கும்போது தெரியாத சொல் வந்தால் உடனே அகராதிக்கு ஓடாதே. பென்சிலால் ஒரு கோடு இட்டு, வாக்கியத்தை இறுதிவரை படி. 'தி ரிவர் வாஸ் ஷாலோ, சோ தி சில்ட்ரன் வாக்ட் அக்ராஸ்' என்று இருக்கிறது. 'ஷாலோ' உனக்குத் தெரியாது. குழந்தைகள் ஆற்றை நடந்தே கடந்தார்கள், அதற்குக் காரணம் சொல்ல 'சோ' வந்திருக்கிறது. அப்படியானால் ஆறு எப்படி இருந்திருக்க வேண்டும்? ஆழமில்லாமல். 'சோ', 'பட்', 'பிகாஸ்', 'அல்தோ' போன்ற இணைப்புச் சொற்களைப் பிடித்துக்கொண்டால் இப்படிப் பல சொற்களின் பொருள் பிடிபடும். ஊகம் சில நேரம் தவறும். ஆகவே அத்தியாயம் முடிந்த பிறகு, கோடிட்ட சொற்களில் கதைக்குத் தேவையானவை, இரண்டு மூன்று முறை வந்தவை எனப் பார்த்து, நான்கைந்தை மட்டும் அகராதியில் சரிபார். மற்றவை முக்கியமானவை என்றால் அடுத்த புத்தகத்தில் தாமே வந்து சேரும்.

கேள்வி: வேர்ச்சொற்களையும் முன்னொட்டுகளையும் கற்றுக்கொடுத்தால் ஆயிரக்கணக்கான சொற்கள் தாமே விளங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா? (ஒரு தாத்தா)

பதில்: பெருமளவு உண்மை, ஐயா, அளவறிந்து பயன்படுத்த வேண்டும். அமெரிக்கப் பள்ளி நூல்களின் ஆங்கிலத்தை ஆராய்ந்த 1989-ஆம் ஆண்டு ஆய்வொன்று, முன்னொட்டுடைய சொற்களில் 58 சதவீதத்தில் 'அன்', 'ரீ', 'இன்', 'டிஸ்' ஆகிய நான்கில் ஒன்றே வருகிறது என்று கணக்கிட்டது. நான்கை மட்டும் நன்றாகக் கற்றுக்கொடுத்தாலே எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். வேர்களில் 'ஸ்ட்ரக்ட்' என்பதற்குக் கட்டுதல் என்று பொருள். 'கன்ஸ்ட்ரக்ட்', 'ஸ்ட்ரக்சர்', 'டிஸ்ட்ரக்‌ஷன்' மூன்றிலும் அது இருக்கிறது. 'போர்ட்' என்பது சுமத்தல். 'எக்ஸ்போர்ட்', 'இம்போர்ட்', 'டிரான்ஸ்போர்ட்'. 'ஸ்பெக்ட்' என்பது பார்த்தல், 'இன்ஸ்பெக்ட்', 'ஸ்பெக்டேட்டர்'.

பேரப்பிள்ளைக்கு இது சலிப்பாக இருந்தால் தமிழிலிருந்து தொடங்குங்கள். கிரேக்க மொழியின் 'டெலி' என்பதற்கு நேராகத் தமிழில் 'தொலை' என்பதை வைத்தே தொலைபேசியும் தொலைக்காட்சியும் தொலைநோக்கியும் ஆக்கப்பட்டன. 'டெலிஃபோன்', 'டெலிவிஷன்', 'டெலஸ்கோப்' ஆகியவற்றைப் பக்கத்தில் எழுதினால் பிள்ளையே முடிச்சை அவிழ்த்துவிடும். 'பயோ' உயிர் என்றால் 'பயாலஜி' உயிரியல். 'தெர்மோ' வெப்பம் என்றால் 'தெர்மாமீட்டர்' வெப்பமானி. இந்த வகையில் தமிழ்க் கலைச்சொற்களை நன்கு அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலக் கலைச்சொல்லின் உள்ளமைப்பு பாதி தெரிந்ததுதான்.

ஆனால் 'அங்கிள்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்துகள் 'அன்' போலத் தொடங்கினாலும், அது முன்னொட்டு அல்ல. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பற்றது அல்ல, மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது. பிரித்துப் பார்த்துக் கண்ட பொருள் வாக்கியத்தோடு பொருந்துகிறதா என்று சரிபார்க்கும் பழக்கத்தையும் சேர்த்தே கற்பியுங்கள்.

கேள்வி: எனக்கு நிறைய ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் தெரியும். ஆனால் கட்டுரை எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தள்ளுகிறார். (ஏழாம் வகுப்பு மாணவன்)

பதில்: பொருள் தெரிவது ஒரு படி, அந்தச் சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வரும் என்று தெரிவது அடுத்த படி. 'டிஸ்கஸ் அபவுட் தி ப்ராப்ளம்' என்று எழுதியிருப்பாய். தமிழில் ஒன்றைப் 'பற்றி' விவாதிக்கிறோம் என்பதால் 'அபவுட்' தானாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை, 'டிஸ்கஸ் தி ப்ராப்ளம்' என்பதே சரி. தமிழில் 'செய்' என்ற ஒரே சொல் வரும் இடங்களில் ஆங்கிலம் 'டூ', 'மேக்' என இரண்டாகப் பிரிகிறது: வீட்டுப்பாடத்துக்கு 'டூ', தவறுக்கு 'மேக்'. பலத்த மழை 'ஹெவி ரெயின்'. பலத்த காற்று 'ஸ்ட்ராங் விண்ட்'. 'கேள்' என்பதை எண்ணிப் பார். வினா கேட்டால் 'ஆஸ்க்', காதில் விழுந்தால் 'ஹியர்', கவனித்துக் கேட்டால் 'லிசன்'. இவற்றுக்கு விதி தேடி அலையாதே. சொல்லைத் தனியாக எழுதாமல், அதன் கூட்டாளியோடு சேர்த்து 'மேக் எ மிஸ்டேக்', 'ஹெவி ரெயின்' என்றே குறிப்பேட்டில் எழுதிப் பழகு. ஆசிரியர் வட்டமிட்ட இடங்களையும் திருத்திய வடிவில் அதே குறிப்பேட்டில் ஏற்று.

கேள்வி: கைப்பேசிச் செயலிகள் பயன்படுமா?

பதில்: இடைவெளி விட்டு நினைவுபடுத்தும் அட்டைச் செயலிகள் பயன்படும். நான்கு விடைகளில் ஒன்றைத் தொடச் சொல்லும் விளையாட்டுகள் சொல்லை அடையாளம் காணப் பழக்குமே தவிர, எழுதவும் பேசவும் பழக்கா.

கேள்வி: வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிட்டால் பிள்ளையின் ஆங்கிலம் வளரும் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்கோ ஆங்கிலம் தெரியாது. நான் எப்படி உதவ முடியும்? (ஒரு தாய்)

பதில்: தமிழை நிறுத்தாதீர்கள். இதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும். கனடாவைச் சேர்ந்த மொழிக்கல்வி அறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1979-இல் முன்வைத்த கருத்து, முதல் மொழியில் வளரும் சிந்தனைத் திறனும் வாசிப்புத் திறனும் இரண்டாம் மொழிக்கும் துணையாகின்றன என்பது. ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று தமிழில் தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு 'ஃபோட்டோசிந்தசிஸ்' ஒரு புதிய பெயர் மட்டுமே. கருத்தே தெரியாத பிள்ளைக்கு, கருத்தையும் பெயரையும் ஒரே நேரத்தில், அரைகுறையாகத் தெரிந்த மொழியில் கற்க வேண்டிய இரட்டைச் சுமை. மேலும், ஆங்கிலம் தெரியாத வீட்டில் தமிழையும் நிறுத்தினால் பிள்ளையோடு பேச எந்த மொழி மிஞ்சும்?

உங்களால் உதவ முடியும். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன அட்டைகளில் தமிழ்ப் பொருள் எழுதிய பக்கம் உங்கள் பக்கமாக இருக்கட்டும். அந்தப் பொருளை நீங்கள் படியுங்கள். பிள்ளை ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, அதைத் தாளில் எழுதி, பிறகு அட்டையைத் திருப்பித் தன் எழுத்தைத் தானே ஒப்பிடட்டும். அன்று படித்த ஆங்கிலக் கதையைத் தமிழில் சொல்லக் கேளுங்கள். 'அவன் ஏன் அப்படிச் செய்தான்?', 'அதற்கு முன் என்ன நடந்தது?' என்று இடையிடையே வினவுங்கள். எங்கே பிள்ளையின் விளக்கம் மழுப்பலாகிறதோ, அங்கே விளங்காத ஒரு சொல்லோ வாக்கியமோ இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பக்கத்தைத் திறந்து இன்னொரு முறை படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.